'மூட்டு மீட்பூசி' வேண்டாம், 'உயவூசி' என்போம்

> விஸ்கோசப்ளிமென்டேஷனுக்கு 'மூட்டு மீட்பூசி' பொருந்துமா?

ஐயா, வணக்கம். 'மீட்பு' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் களையெடுத்தே காலம் போன என் அத்தைக்குப் போன மாதம் மதுரையில், தேய்ந்த மூட்டுக்குள் கொழகொழப்பான மருந்தை ஏற்றும் இந்த ஊசியை முழங்காலில் போட்டோம். ஆஸ்பத்திரிப் படியில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்கியவர், கீழே வந்ததும் கேட்டார்: "தேஞ்ச சவ்வு இனிமே வளந்துரும்ல?"

வளராது. மூட்டு நீரில் இயல்பாகவே இருக்கும் ஹயலூரானிக் அமிலம் தேய்மானத்தில் குறைந்து நீர்த்துப் போகிறது, அதை வெளியிலிருந்து கொஞ்சம் ஊற்றுகிறோம், அவ்வளவுதான். சிலருக்குச் சில மாதம் வலி தணிகிறது, ஆனால் வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் வித்தியாசம் சொற்பம். மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2019 வழிகாட்டி, முழங்காலுக்கு இதைப் பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. இப்படிப்பட்ட ஒன்றுக்கு மீட்பு என்று பெயர் வைத்தால், கடன் வாங்கியாவது போட்டுக்கொள்ள வருவார்கள்.

'மசகூசி' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மேலூர்ப் பக்கம் எல்லாருக்கும் சட்டென்று புரியும், சரிதான், ஆனால் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சில் அப்பிய கறுப்பு மை நினைவில் உள்ளவர் அதை முழங்காலுக்குள் ஏற்றச் சம்மதிப்பாரா? மருந்தோ முட்டை வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, கொழகொழவென்று இருக்கிறது.

என் பரிந்துரை 'மூட்டு உயவூசி'. அச்சுக்கு இடுவதை உயவு நெய் என்கிறோம், பழந்தமிழில் உயவு என்றாலே வருத்தம், நோவு. நோவும் அதற்கு இடும் நெய்யும் ஒரே சொல்லில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மூட்டு நீரான சைனோவியல் திரவத்தை 'மூட்டு உயவுநீர்' என்றால் இரண்டும் இணையாக நிற்கும்.

அமிலத்தின் பெயரை மட்டும் தொட வேண்டாம். 1934இல் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தவர்கள் கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள், அதனால் 'பளிங்கமிலம்' என்று ஆசை வரும். ஆனால் மருந்துப் பெட்டியில் இருக்கும் பெயரும் சீட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். இந்த மருந்தில் சில வகை, சேவல் கொண்டையிலிருந்து எடுப்பது என்பதால், கோழி, முட்டை ஒவ்வாதவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிச் சரிபார்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

அப்புறம், நோயாளி கையில் கொடுக்கும் தாளில் 'உயவு ஊசி' என்று பிரித்தே எழுதலாமா? அத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.