கல்லறை மேட்டுக்குள் போய் வந்தவர்கள் உண்டா? அனுபவம் சொல்லுங்கள்

ஸ்விண்டன்வாசி:
இங்கிலாந்தில் ஏவ்பரி பக்கம் வெஸ்ட் கென்னட் மேட்டுக்குப் போனோம். டிக்கெட் கிடையாது, காவலாளி கிடையாது. வயலோரம் ஏறிப் போனால் 100 மீட்டர் நீளத்துக்குப் புல் முளைத்த மண்மேடு. “இதுக்கா இவ்ளோ தூரம்?” என்றாள் மனைவி. வாசலை மறித்து நிற்கும் பெரிய கற்களைச் சுற்றி உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. நடுவில் நடை, பக்கத்துக்கு இரண்டு அறை, கடைசியில் ஒன்று.

பொ.ஆ.மு. 3650 வாக்கில் கட்டியது. காட்டைத் திருத்திக் கோதுமை, பார்லி விதைத்து மாடு வளர்த்த ஜனங்கள். முன்னோர்கள் இன்றைய துருக்கிப் பக்கமிருந்து தலைமுறை தலைமுறையாக நகர்ந்து வந்தவர்கள். 1859இலும் 1955-56இலும் தோண்டியதில் குறைந்தது 36 பேரின் எலும்புகள் கிடைத்தன. மண்டை ஓடுகள் மட்டும் கணக்குக்குக் குறைவு.

எனக்கு மனதில் நிற்பது வேறு. இருட்டில் தடவிக்கொண்டே போனபோது ஒரு கல்லில் மட்டும் ஓரிடம் வழுவழு என்றிருந்தது, பாட்டி வீட்டு அம்மி மாதிரி. கல் கோடரி தீட்டித் தேய்ந்த இடமாம். கையை எடுக்க மனமே வரவில்லை.

டப்ளின்காரி:
நான் அயர்லாந்தின் நியூகிரேஞ்சுக்குப் போனேன். பொ.ஆ.மு. 3200 வாக்கில் கட்டியது. டிசம்பரில், பகல் மிகக் குறுகும் நாட்களில், விடியல் வெளிச்சம் வாசலுக்கு மேலுள்ள துவாரம் வழியாக உள்ளறை வரை வரும். அதைப் பார்க்க லாட்டரி போட்டேன், விழவில்லை. சாதாரண நாளில் விளக்கை அணைத்து ஒரு பல்பை வைத்துக் காட்டுகிறார்கள். அதற்கே சிலிர்த்தது. 5000 வருடமாகக் கூரை ஒழுகவில்லையாம். என் வாடகை வீட்டில் போன வாரம்தான் வாளி வைத்தேன்!

அண்ணா, அந்த 36 பேரும் சொந்தக்காரர்களா?

குளோஸ்டர்வாசி:
அக்கா, அதே வகை மேடு எங்கள் ஊர்ப் பக்கம் ஹேஸில்டனில் இருந்தது. அங்கே 35 பேரின் டிஎன்ஏ பார்த்து 2021இல் முடிவு வெளியிட்டார்கள். 27 பேர் ஒரே குடும்பம், ஐந்து தலைமுறை. மூலவர் ஒரு ஆண், அவருக்குப் பிள்ளை பெற்றவர்கள் நான்கு பெண்கள். எந்த அறையில் வைப்பது என்பதற்கு எந்தத் தாயின் வழி என்று பார்த்திருக்கிறார்கள். வளர்ந்த மகள்கள் மட்டும் அங்கே இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் புதைத்திருப்பார்கள் போல. அம்மாவிடம் சொன்னேன். “அப்பவேவா?” என்றார்.

ஸ்விண்டன்வாசி:
போகிறவர்கள் டார்ச் மறக்காதீர்கள். மழை பெய்திருந்தால் பழைய ஷூ போதும், உள்ளே தரை முழுக்கச் சேறு.