லைட் டிரெயில்: ஒளித்தடமா, ஒளிச்சுவடா?

வணக்கம் நண்பர்களே.

கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கும்போது, நகரும் விளக்கோ நெருப்போ படத்தில் விட்டுச்செல்லும் வெளிச்ச அடையாளம்தான் லைட் டிரெயில். அதற்கு ஒளித்தடம் என்றே வைத்துக்கொள்ளலாமே, இதில் பேச என்ன இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதிவந்தேன். காணொளித் தொகுப்பு பற்றிக் கையேடு ஒன்று எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒலித்தடத்தைத் (ஆடியோ டிராக்கைத்) தனியே பிரித்து வையுங்கள் என்று ஒரு வரி, அதற்கு நாலு வரி கீழே ஒளித்தடம் அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இன்னொரு வரி. மெய்ப்புப் பார்த்தவர் இரண்டில் ஒன்று எழுத்துப்பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் ஒலித்தடமாகத் திருத்திவிட்டார். அவர்மேல் தப்பே இல்லை. ஒரே துறைக்குள் புழங்கும் இரண்டு சொற்கள் வெறும் லகர ளகர வேறுபாட்டில் நின்றால் இப்படித்தான் ஆகும். வாயால் சொல்லும்போது இன்னும் மோசம்.

வந்த மற்ற பரிந்துரைகளில் ஒளியிழை ஏற்கெனவே கண்ணாடி இழைக் கம்பிவடத்துக்குப் போய்விட்டது. ஒளிக்கீற்று என்றால் ஜன்னல் இடுக்கில் நுழையும் வெளிச்சம்தான் எல்லார் மனத்திலும் வரும், அதைப் பறிக்க வேண்டாம். ஒளிக்கோடு மட்டும் கொஞ்சம் யோசிக்கவைத்தது.

கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 4 வினாடி என்று வைத்து, இருட்டில் ஒருவர் சங்கிலியின் நுனியில் எரியும் திரியைச் சுழற்றுவதை எடுத்தீர்களானால், பெரிதாக்கிப் பார்க்கும்போது அங்கே கோடு இருக்காது. துணி மாதிரி ஒரு பட்டை இருக்கும். திரியை ஒட்டிய ஓரம் கொஞ்சம் கூர்மையாக, மற்ற ஓரம் பிசிறுபிசிறாக, நடுவில் நெருப்பு துடித்த ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மெல்லிய மடிப்பு. திரியிலிருந்து எண்ணெய்ச் சொட்டு தெறித்திருந்தால் வட்டத்திலிருந்து பிரிந்து வெளியே ஓடும் ஒரு தனி மயிரிழையும் தெரியும். அதே இடத்தில் எல்இடி விளக்கைச் சுழற்றினால் சீரான கோடு வரும், ஒளிர்வைக் குறைத்து வைத்த எல்இடி என்றால் அது விட்டுவிட்டு எரிவதால் புள்ளிக்கோடாகக்கூட வரும். ஆக, கோடு என்ற சொல் எல்இடிக்குச் சரி, நெருப்புக்குப் பொருந்தாது.

அதனால்தான் ஒளிச்சுவடு என்கிறேன். தடம் போகிற பாதையையும் குறிக்கும், போனதன் அடையாளத்தையும் குறிக்கும். சுவடு அப்படியில்லை, ஆள் போன பிறகு மண்ணில் இருப்பது மட்டும்தான் சுவடு. இந்தப் படங்களில் நடப்பதும் அதுவே. சுழற்றுகிறவரின் முன்னால் நிற்பவர் எவரும் படத்தில் உள்ள முழு உருவத்தைப் பார்ப்பதில்லை, சுடர் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கிறது, அது இருந்த இடங்களையெல்லாம் சென்சார் சேர்த்து வைக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறியப்பட்ட ஒளிச்சுவடுப் படங்களில் மிகப் பழையது 1889இல் மாரே, டெமெனி என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் எடுத்தது. ஒருவரின் மூட்டுகளில் சிறு மின்விளக்குகளைக் கட்டி, இருட்டில் நடக்கவிட்டு, அந்த நடையைப் பதிவு செய்தார்கள். முதல் ஒளிச்சுவடே நடந்தவரின் சுவடு! இதைப் படித்த அன்றைக்கே என் மனம் முடிவு செய்துவிட்டது.

அப்புறம், நெருப்பைச் சுழற்றி எடுக்கும் வட்டத்துக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். கொள்ளிவட்டம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. எரியும் கட்டையைச் சுழற்றினால் தோன்றும் வட்டம் என்று அப்படியே பொருள். வடமொழியில் அலாதசக்கரம். கௌடபாதர் எழுதிய மாண்டூக்ய காரிகை என்ற அத்வைத நூலில் நான்காம் பகுதிக்குப் பெயரே அலாதசாந்தி, கொள்ளி அடங்குதல் என்று பொருள். சுழற்றும்போது நேராகவும் வளைவாகவும் தோன்றுவது கொள்ளி நின்றதும் எங்கே போயிற்று என்று அங்கே கேட்கிறார்கள். 1765இல் பாரிஸில் டார்சி என்பவர் இதே கொள்ளியை இயந்திரத்தில் கட்டிச் சுழற்றி, ஒரு சுற்றுக்குச் சுமார் 0.13 வினாடி ஆகும்போது முழு வட்டம் தெரிகிறது என்று அளந்தார். கண்ணுக்கு அவ்வளவுதான் முடியும். கேமராவுக்கு 4 வினாடியும் ஒன்றுதான், 40 வினாடியும் ஒன்றுதான்.

கொள்ளி என்றால் இறுதிச்சடங்கு நினைவு வருகிறது, வேண்டாம் என்று ஒரு தோழர் சொன்னார். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று சொல்லும்போது எவரும் சுடுகாட்டை நினைப்பதில்லை, கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வது என்கிறபோதும் அடுப்புக் கட்டைதான் கண்ணில் நிற்கிறது. கொள்ளி வைப்பது என்று வினை சேர்ந்தால்தான் அந்தப் பொருள். வட்டத்தோடு சேர்ந்தால் வராது.

இரும்புக் கம்பளியைப் பற்றவைத்துச் சுழற்றும் படங்களுக்கு மட்டும் கொள்ளிவட்டம் போதாது. அதில் பொறிகள் வட்டத்தை விட்டுத் தெறித்து, ஒவ்வொன்றும் வளைந்து விழுந்து, தரையில் பட்டுத் துள்ளுகின்றன. அதைப் பொறிச்சுவடு என்னலாம்.

லைட் பெயின்டிங் பற்றி. ஒளி ஓவியம் என்பதை ஒளிப்பதிவுக்கே பலர் எழுதுகிறார்கள், அது போய்விட்டது. ஒரு வகையில் நல்லதுதான், ஏனென்றால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. விளக்கைக் கேமராவை நோக்கிப் பிடித்து அசைத்தால் விளக்கே படத்தில் விழுகிறது: இதை ஒளிவரைவு என்போம். விளக்கைக் கேமராவுக்குக் காட்டாமல் பாறை மேலோ மரத்தின் மேலோ அடித்தால் அந்தப் பொருள் மட்டும் தெரிகிறது: இது ஒளிப்பூச்சு. பந்தம் சுற்றுகிறவரை எடுக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன, நெருப்பு வரைகிறது, அவர் முகத்திலும் தோளிலும் பூசவும் செய்கிறது. இதைத் தமிழில் பிரித்துச் சொல்ல முடிந்தால் கற்றுக்கொடுப்பவருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க, அதைப் படமெடுக்கும் இடத்தில் கத்திச் சொல்லிப் பார்க்கிறேன். சுவடு அறுந்துபோச்சு. சுவடு வெளுத்துப்போச்சு, அபர்ச்சரைக் குறை. இரண்டும் நாக்கில் நிற்கின்றன. இந்த இரண்டாவது வாக்கியம்தான் புதியவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டியது: சுடர் ஓரிடத்தை ஒரே முறை கடந்தால் அங்கே சுவட்டின் ஒளிர்வு அபர்ச்சர், ஐஎஸ்ஓ, சுடர் ஓடும் வேகம் ஆகியவற்றைப் பொறுத்தது, ஷட்டர் எத்தனை வினாடி திறந்திருந்தது என்பதைப் பொறுத்தது அல்ல. நேரத்தைக் கூட்டினால் பின்னணிதான் வெளுக்கும், சுவடு நீளும். அதே வட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றினால் மட்டும் சுவடும் மேன்மேலும் ஏறிக்கொண்டே போகும்.

லாங் எக்ஸ்போஷருக்கு நீண்ட வெளிப்பாடு என்று எழுதுவதை விட்டுவிடலாம், வெளிப்பாடு உள்ளேயிருந்து வெளியே வருவது, இங்கே ஒளி உள்ளே போகிறது. நெடுநேர ஒளியேற்பு சரியாக இருக்கும். பல்ப் மோடை விளக்கு முறை என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்து வருத்தமாக இருந்தது. அந்த பல்ப் விளக்கல்ல, பழைய கேமராக்களில் காற்றழுத்தத்தால் ஷட்டரை இயக்கிய ரப்பர்க் குமிழ். அழுத்திப் பிடித்திருக்கும்வரை திறந்திருக்கும். அதனால் இதைப் பிடிதிறப்பு என்று சொன்னால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

எனக்கு இன்னும் பிடிபடாதது ரியர் கர்ட்டன் சிங்க். சுவடு விழுந்து முடிந்து, ஷட்டர் மூடப்போகும் நொடியில் பிளாஷ் அடிப்பது. கடைவீச்சு என்று தற்காலிகமாக எழுதிவருகிறேன், ஆனால் கடை என்றதும் முடிவா, விற்கிற கடையா என்று ஒரு கணம் தடுக்குகிறது. ஈற்றொளி என்று ஒருவர் நேற்று சொன்னார். அதைக் கொஞ்சம் பேசிப் பார்ப்போமா?