அலெக்சாந்திரியா யூதர்கள்: குடிமக்களா, குடியிருந்தவர்களா?

சுவடிப்பித்தன்:
எகிப்திலிருந்த அலெக்சாந்திரியா நகரின் யூதர்களுக்குக் கிரேக்கர்களுக்கு இணையான உரிமை இருந்தது என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதியதைப் பலர் இன்னும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். 1924இல் பதிப்பிக்கப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுவடி அந்தக் கதையை முடித்துவிட்டது. கி.பி. 41இல் ரோமப் பேரரசர் கிளாடியஸ் அந்நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தின் நகல் அது. யூதர்களின் வழிபாட்டில் கைவைக்காதீர்கள் என்று கிரேக்கர்களிடம் சொல்கிறார். யூதர்களிடமோ, முன்பு இருந்ததற்கு மேல் கேட்காதீர்கள், உங்களுடையதல்லாத நகரத்தில் வளமாக வாழ்கிறீர்கள் என்கிறார். பேரரசரே இப்படிச் சொன்ன பிறகு என்ன வழக்கு?

நைல்கரையான்:
வழக்கு இருக்கிறது ஐயா. நீங்கள் தீர்ப்பை மட்டும் படிக்கிறீர்கள். கி.பி. 38இல் யூதர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது எகிப்தின் ரோம ஆளுநர் ஃபிளாக்கஸ் யூதர்களை வந்தேறிகள் என்று அறிவித்தார். அவர்களுடைய மூப்பர் அவையைச் சேர்ந்த 38 பேரை அரங்கில் நிறுத்திச் சாட்டையால் அடிக்க வைத்தார். அந்நகரத்து யூத மெய்யியலாளர் ஃபைலோவின் குமுறலைக் கவனியுங்கள். அலெக்சாந்திரியரைத் தட்டையான பட்டையால் அடிப்பதும் எகிப்தியரைச் சாட்டையால் அடிப்பதும் அங்கே வழக்கம். அதுவரை சாதாரண யூதருக்குக்கூடப் பட்டைதான். அன்று மூப்பர்களுக்கே சாட்டை! அடி வாங்குவதிலேயே தகுதி தெரிகிற ஊரில் இது சின்ன விஷயமா?

சுவடிப்பித்தன்:
பேரரசர் கலிகுலாவிடம் யூதத் தூதுக்குழுவை அழைத்துச் சென்றவரே ஃபைலோதான். கட்சிக்காரரின் பேச்சைச் சாட்சியமாக எடுக்க முடியாது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து மனு ஒன்று இருக்கிறது. தலைவரி விவகாரத்தில் ஹெலனோஸ் என்பவர் ஆளுநரிடம் முறையிடுகிறார். முதலில் ‘அலெக்சாந்திரியர்’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு ‘அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த யூதர்’ என்று திருத்தியிருக்கிறார்கள். நகரக் குடிமக்களுக்குத் தலைவரி கிடையாது என்பதால் அந்தத் திருத்தத்தின் விலை பெரியது.

நைல்கரையான்:
அதே மனுவில் தம் தந்தை அலெக்சாந்திரியர் என்கிறாரே, அதை ஏன் விட்டீர்கள்? சிலருக்காவது அந்தத் தகுதி இருந்தது. ரோமர்கள் கோடு கிழித்தபோது பறிபோனது. எனக்குத் தெரிகிற சித்திரம் அதுதான்.

கடலோடி:
இருவரும் ஒரு நகரத்தின் குடியுரிமையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். ரோமக் குடியுரிமை வேறு. கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்ப்பே எருசலேமைப் பிடித்தபின் அடிமைகளாக ரோமுக்குக் கொண்டுவரப்பட்ட யூதர்கள் பலர் விடுதலை பெற்று ரோமக் குடிமக்கள் ஆனார்கள். டைபர் ஆற்றின் மறுகரையில் குடியிருந்தார்கள். தானியம் வழங்கும் நாள் ஓய்வுநாளில் விழுந்தால் அவர்களுடைய பங்கை மறுநாளுக்கு எடுத்துவைக்க அகஸ்டஸ் உத்தரவிட்டார். இதையும் ஃபைலோதான் சொல்கிறார், பித்தனார் கோபிக்க வேண்டாம். யூத மதத்தை விடாமலே ரோமக் குடிமகனாக இருக்க முடிந்தது.

சுவடிப்பித்தன்:
இருந்து என்ன பயன்? கி.பி. 66இல் யூதேயாவின் ரோம ஆளுநர் ஃபுளோரஸ் எருசலேமில் சிலுவையில் அறைந்தவர்களில் குதிரைவீரர் என்னும் உயர்தகுதி பெற்ற ரோம யூதர்களும் இருந்தார்கள். 70இல் எருசலேம் கோவில் எரிந்தபின், கோவிலுக்குப் போன காணிக்கைக்குப் பதிலாக ஆண்டுக்கு 2 திராக்மா வரி, அதுவும் ரோமரின் கடவுளான ஜூப்பிடர் கோவிலுக்கு. குடிமகனாக இருந்தாலும் யூதன் என்றால் கட்ட வேண்டும்.

கடலோடி:
வரி விழுந்தது, குடியுரிமை பறிக்கப்படவில்லை. ஃபுளோரஸ் செய்ததை ஜொசீபஸே இதுவரை எவரும் துணியாத செயல் என்றுதான் எழுதுகிறார். இன்னொன்று: அதே 66இல் அலெக்சாந்திரியாவின் யூதக் குடியிருப்பின்மேல் படையை ஏவிய ஆளுநர் திபேரியஸ் ஜூலியஸ் அலெக்சாந்தர். ஃபைலோவின் அண்ணனோ தம்பியோ பெற்ற மகன். அவரை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?

நைல்கரையான்:
மூதாதையர் வழக்கத்தைக் கைவிட்டவர் என்று ஜொசீபஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஆளை என் பக்கம் தள்ளாதீர்கள்.