புரோஸ்டேட் புற்றுநோய்: 100% இழப்பீட்டை 20% ஆக்கப்போவதாக வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை) கடிதம்

கேள்வி:
1969-ல் வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்க ராணுவ வீரருக்காகக் கேட்கிறேன். ஏஜென்ட் ஆரஞ்சு (வியட்நாம் போரில் தெளித்த களைக்கொல்லி) அடிப்படையில் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு 100% கிடைத்தது. போன வருடம் சுரப்பியை அகற்றினார்கள், பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் புற்றுநோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இப்போது கண்டறிய முடியாத அளவு. வி.ஏ. பரிசோதனைக்குப் பிறகு 20% ஆகக் குறைக்கப்போவதாகக் கடிதம் வந்திருக்கிறது, தேதி போட்டு 12 நாள் ஆகிறது. சிறுநீர் கசிவதால் நாளைக்கு மூன்று பேட் மாற்றுகிறார். புதிதாக விண்ணப்பிக்கணுமா?

பதில் 1:
வேண்டாம். இது இன்னும் முடிவு இல்லை, முன்மொழிவுதான். கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் விசாரணை கேட்டு எழுதினால், முடிவு வரும்வரை பழைய தொகையே வரும். ஆதாரம் கொடுக்க 60 நாள். அதனால் இன்றைக்கே விசாரணைக் கோரிக்கையை அனுப்பி, அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

100%-ஐக் காப்பாற்றப் போராடாதீர்கள். வி.ஏ. மதிப்பீட்டு விதியில் இந்தப் புற்றுநோய்க்கான குறியீடு 7528-ன்படி சிகிச்சை முடிந்து 6 மாதத்தில் பரிசோதனை. நோய் திரும்பவில்லை என்றால் மிச்சமுள்ள பாதிப்புக்குத்தான் மதிப்பீடு. போராட வேண்டியது அந்த 20%-ஐத்தான். பேட் மாற்றுவது நாளைக்கு இரண்டுக்குக் குறைவு என்றால் 20%, இரண்டு முதல் நான்கு வரை 40%, நான்குக்கு மேல் 60%. மூன்று என்றால் 40% வரணும். பரிசோதனை அறிக்கையின் நகலை வாங்கி எந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறது என்று பாருங்கள். "கசிவு எப்படி?" என்றதும் "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள், எண்ணிக்கை பதிவாவதே இல்லை. இரண்டு வாரம் ஒவ்வொரு பேட் மாற்றிய நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். சிறுநீரியல் மருத்துவர் கடிதத்தில் "நாளைக்கு 3" என்று எண்ணாகவே இருக்கணும். வீரரின் வாக்குமூலம் வி.ஏ. படிவம் 21-4138-ல், மனைவியுடையது படிவம் 21-10210-ல்.

பதில் 2:
சிறுநீர் கழிக்க இரவில் எழுந்திருப்பதைக் கசிவோடு கூட்ட மாட்டார்கள். எது அதிகமோ அது மட்டும். ஆனால் இரவில் ஐந்து தடவை எழுந்தாலே 40% உண்டு, அதையும் குறியுங்கள். விறைப்புக் குறைபாட்டுக்கு 0% போட்டாலும் எஸ்.எம்.சி.-கே என்ற மாதத் தொகை தனியாக உண்டு. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் அது போச்சு.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார், கோரிக்கை இன்றே போகிறது. அவர் நண்பருக்குப் புற்றுநோய் இல்லை, புரோஸ்டேட் வீக்கம் மட்டும். அவரும் வியட்நாம்தான்.

பதில் 1:
ஏஜென்ட் ஆரஞ்சால் வந்ததாக வி.ஏ. தானாகவே ஏற்கும் நோய்ப் பட்டியலில் வெறும் வீக்கம் இல்லை. ராணுவப் பணியால் வந்திருக்க 50 சதவீதமாவது வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் காரணத்தோடு எழுதணும். அது கிடைக்க நாளாகும்; முதலில் 21-0966 (விண்ணப்பிக்கப்போவதாகத் தெரிவிக்கும் படிவம்) அனுப்பிவைத்தால், ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தாலும் இழப்பீடு தொடங்கும் தேதியாக அந்தத் தேதியே அவர் கையில் இருக்கும்.