மலையில் எடுத்த வாக்காளர் அட்டை, டவுனில் ஓட்டு: அத்தைக்கு எது செல்லும்?

கொலுசுப்பட்டறை_சேலம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். கேள்வி என் அத்தைக்காக (வீட்டுக்காரரின் அம்மா).

அத்தை ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தவர். காப்பிப் பழம் பறிக்கிற வேலை. மாமா தவறிய பிறகு எங்களோடு கீழே வந்துவிட்டார். படிவம் 8 கொடுத்துப் பெயரை இங்கே மாற்றினோம். இணையத்தில் தேடினால் எங்கள் தெருப் பட்டியலில் பெயர் வருகிறது, ஆனால் புது அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. இருப்பது ஏற்காடு தொகுதி என்று போட்ட பழைய அட்டை. அதில் பெயர் காவேரி, ஆதாரில் காவேரியம்மாள். போட்டோ முப்பது சொச்சம் வயதில் எடுத்தது. லேமினேஷனுக்குள் தண்ணீர் இறங்கி முகத்தில் பாதி பழுப்பாகிவிட்டது.

இவ்வளவு பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் அத்தை பூத் சிலிப்பையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு மலையில் ஓட்டுப் போடப் போனார். இரண்டும் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். லைன் வீட்டுக்குத் திரும்பி நடந்து, அட்டையைத் தேடி எடுத்துப் போவதற்குள் இருட்டிவிடும் என்று அப்படியே இருந்துவிட்டார். அன்றைக்கு அவர் கையில் இருந்த மஞ்சப் பையிலேயே நூறு நாள் வேலை அட்டை இருந்தது. அதைக் காட்டினால் போதும் என்று அவருக்கும் தெரியாது, அங்கிருந்த யாரும் சொல்லவும் இல்லை. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை.

இன்னொன்று. ரேஷன் கடை மிஷினில் அத்தையின் கைரேகை விழாது, வருசக்கணக்காகப் பழம் பறித்துத் தேய்ந்த விரல். பூத்திலும் மிஷின் வைப்பார்களா? மறுபடி திருப்பி அனுப்பினால் யாரிடம் சொல்வது? பஞ்சாயத்துத் தேர்தல் சமயத்தில் ஒரு எண்ணுக்குப் போன் போட்டு, "அது எங்க வேலை இல்லை" என்ற பதில்தான் கிடைத்தது.

வாழப்பாடி_தம்பி:

அக்கா, ஆதாரை ஓட்டர் ஐடியோடு லிங்க் பண்ணியாச்சா? பண்ணாவிட்டால் ஓட்டுப் போட விடமாட்டார்கள் என்று எங்கள் வாட்ஸப் குரூப்பில் வந்தது. முதலில் அதைப் பாருங்கள்.

ஓய்வு_தலைமையாசிரியர்:

தம்பி, அக்கறையாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் அந்தச் செய்தி தவறு. ஆதார் எண்ணைத் தருவதற்கான படிவம் 6பி அவரவர் விருப்பம். தரவில்லை என்பதற்காக ஓட்டை மறுக்க முடியாது.

அம்மா, நான் சேலம் மாவட்டத்தில் பல தேர்தல்களில் தலைமை வாக்குச்சாவடி அலுவலராக இருந்தவன். பெட்டிகளோடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மலைப் பள்ளிக்கூடத்தில் ராத்திரி படுத்து எழுந்து பூத் நடத்தியிருக்கிறேன். உங்கள் அத்தை மாதிரி திரும்பிப் போனவர்களைப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓட்டுரிமை இருப்பது பட்டியலில். அட்டை, வந்திருப்பவர் அவர்தான் என்று காட்ட மட்டும். அட்டை பளபளவென்று இருந்தாலும் அந்த பூத்தின் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டு இல்லை. பெயர் இருந்தால், வேறு தொகுதியில் கொடுத்த பழைய அட்டையும் செல்லும். ஆகவே ஏற்காடு என்று போட்டிருப்பதற்காக யாரும் தடுக்கக்கூடாது. காவேரி, காவேரியம்மாள் போன்ற சின்ன வித்தியாசத்தையும், ஆள் அவர்தான் என்று தெரிந்தால் பொருட்படுத்தக்கூடாது என்றுதான் ஆணையத்தின் உத்தரவு.

இடிக்கிறது போட்டோ மட்டும்தான். முகம் பார்த்து அடையாளம் தெரியவில்லை என்றால் வேறு ஆவணம் கேட்பார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் அட்டைக்குப் பதிலாக 12 ஆவணங்களை ஏற்றார்கள். அத்தைக்குப் பொருந்துவது ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய பேங்க் அல்லது தபால் நிலையப் பாஸ்புக், பான் கார்டு, போட்டோவுள்ள ஓய்வூதிய ஆவணம். ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், மாற்றுத்திறனாளி அட்டை எல்லாமும் உண்டு. ரேஷன் கார்டு அதில் இல்லை. பூத் சிலிப்பை மட்டும் காட்டி ஓட்டுப் போடுவதை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள். 2021-ல் அத்தை காட்டிய இரண்டும் செல்லாது என்று சொன்னது விதிப்படி சரி. ஆனால் "வேறென்ன வைத்திருக்கிறீர்கள் பாட்டி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு ஓட்டு விழுந்திருக்கும். அதைக் கேட்க எந்த விதியும் தடையில்லை. என் பூத்தில் நான் கேட்கச் சொல்வேன்.

கைரேகை மிஷின் பூத்தில் கிடையாது. முதல் மேசையில் பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கப் படிப்பார்கள். அடுத்து இடது ஆள்காட்டி விரலில் மை. பிறகு 17ஏ என்கிற பதிவேட்டில் பட்டியல் வரிசை எண்ணை எழுதுவார்கள். வாக்காளர் அட்டை காட்டியிருந்தால் பக்கத்தில் ஈபி என்று ஆங்கிலத்தில் இரண்டெழுத்து, வேறு ஆவணமென்றால் அதன் கடைசி நான்கு எண். அங்கே கையெழுத்து, தெரியாதவர்கள் கட்டைவிரலை மையில் தொட்டு வைக்கலாம். ரேகை தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, அதை எந்தக் கருவியோடும் ஒப்பிடுவதில்லை.

ஏதாவது கட்சி ஏஜென்ட் "இது அந்தம்மா இல்லை" என்று சொன்னால், அவர் இரண்டு ரூபாய் கட்டித்தான் ஆட்சேபிக்க வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். வேறு யாராவது ஏற்கெனவே அத்தை பெயரில் போட்டுவிட்டுப் போயிருந்தால் பேசாமல் திரும்பி வராதீர்கள். 49P விதிப்படி ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கேளுங்கள். அது தனி உறையில் போகும், சாதாரணமாக எண்ணமாட்டார்கள், ஆனாலும் வழக்கு என்று வரும்போது அதுதான் சாட்சி.

புகார் விஷயம். சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டும் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் கீழ் வருபவை, அரசியல் சட்டம் 324-வது பிரிவு. சென்னையில் தலைமைத் தேர்தல் அதிகாரி, மாவட்டத்தில் ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். தேர்தல் அறிவிக்கை வெளியானதிலிருந்து முடிவு வரும் வரை அவரும் தேர்தல் வேலையிலுள்ள மற்ற அதிகாரிகளும் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள். ஆளுங்கட்சியின் சொல் அங்கே செல்லக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. 1950 என்ற எண் இந்த ஆணையத்துடையது.

பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சி எல்லாம் மாநிலத் தேர்தல் ஆணையம். அது 243கே பிரிவில் வரும் தனி அமைப்பு, டெல்லி ஆணையத்தின் கிளை கிடையாது. 2019 டிசம்பரில் நம் மாவட்ட ஊராட்சிகளுக்கு நடந்ததும் 2022 பிப்ரவரியில் மாநகராட்சிக்கு நடந்ததும் இவர்கள் நடத்தியவை. சட்டமன்றப் பட்டியலை வாங்கி வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். அங்கேயும் ஆட்சியரே தேர்தல் அலுவலர் என்பதால் ஜனங்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. நீங்கள் போன் போட்ட இடத்தில் சரியான எண்ணையாவது கொடுத்திருக்க வேண்டும், அது அவர்கள் கடமை.

மலைப்பாதை_அங்கன்வாடி:

நான் மலையில் பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வேலையும் பார்க்கிறேன். சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் அக்கா, இங்கே அதிகமாகக் குழம்புவது இதில்தான்.

2025 நவம்பரில் தொடங்கிய எஸ்ஐஆருக்கு (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) உரிய ஆவணங்கள் வேறு, பூத்தில் காட்டுவது வேறு. அதில் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, சாதிச் சான்று, வன உரிமைச் சான்று எல்லாம் இருந்தன. இங்குள்ள மலையாளிப் பழங்குடி சனங்கள் பலர் வன உரிமைச் சான்றைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார்கள், தேர்தல் அன்றைக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். பூத்துக்கு அது செல்லாது. நூறு நாள் அட்டை அப்படியே தலைகீழ், பூத்துக்குச் செல்லும், எஸ்ஐஆர் பட்டியலில் இல்லை. வீடு வீடாகப் போய் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மூன்று லைன் வீடு தள்ளினால் சிக்னல் போய்விடும், ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இவர்களிடம் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வராது.

நாகலூர் பட்டியலில் அத்தை பெயர் நீங்கிவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள். ஒருவர் பெயர் இரண்டு தொகுதியில் இருக்கக்கூடாது. இன்னொன்று, ஏற்காடு கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியில் வருவது. டவுனுக்கு மாறியதால் அத்தைக்கு எம்எல்ஏ மட்டுமல்ல, எம்பி தொகுதியும் மாறிவிட்டது.

கொலுசுப்பட்டறை_சேலம்:

சார், அக்கா, ரொம்ப நன்றி. நாகலூரில் தேடினோம், பெயர் இல்லை. எங்கள் தெருவில் மட்டும்தான் வருகிறது. பாக எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதி ஆதாரோடு சேர்த்து வைத்துவிட்டேன். பேங்க் பாஸ்புக்கில் போட்டோ இருக்கிறது, ஆனால் சீல் போட்டோ மேல் விழவில்லை. அதனால் பேங்க்கில் கேட்டுப் போட்டுக்கொள்கிறோம். ஒருவேளை கடைசி நேரத்தில் பெயரையே நீக்கிவிட்டால்?

ஓய்வு_தலைமையாசிரியர்:

நோட்டீஸ் கொடுத்து விசாரிக்காமல் நீக்கக்கூடாது. அப்படி உத்தரவு வந்தால் 15 நாளுக்குள் ஆட்சியரிடம் மேல்முறையீடு, அங்கேயும் சரிவரவில்லை என்றால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது, அதனால் அதற்கு முன்பே இன்னொரு தடவை தேடிப் பாருங்கள். போட்டோ மாற்றவும் அதே படிவம் 8 போதும், இப்போதே போட்டுவிடுங்கள்.