அரச ஆஸ்பத்திரி நேர்ஸ்மார் ஏசுவதற்குக் களைப்பு ஒரு காரணமாகுமா?

வெள்ளவத்தையான்

போன கிழமை இங்கே ஒருவர், கொழும்பு ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் நேர்ஸ்மார் உடம்பாலும் மனதாலும் ஓய்ந்துபோய்விட்டார்கள், அவர்கள்மேல் கோபப்படாதீர்கள் என்று எழுதியிருந்தார். நிறையப் பேர் அதை ஆமோதித்தீர்கள். என்னால் முடியவில்லை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். காலில் புண் பழுத்து, கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். எழுபது தாண்டியவர், சிங்களம் விளங்காது. இராத்திரி சலம் போக வேண்டும், எழும்ப முடியவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார். வந்த நேர்ஸ் ஏதோ ஏசிவிட்டுப் போய்விட்டார். என்ன ஏசினார் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை, கையை உதறிய விதம் மட்டும் விளங்கியிருக்கிறது. விடிய நான் போனபோது நனைந்த உடுப்போடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நடந்ததைப் பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மாதான் சொன்னார்.

களைப்பு யாருக்கு இல்லை? கட்டுநாயக்கா கார்மென்ட்ஸில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளைக்கு இல்லையா? பஸ் ஓட்டுகிறவருக்கு இல்லையா? அதைக் கட்டிலில் கிடக்கிற மனிசியில் ஏன் இறக்கி வைக்க வேண்டும்?

இரவுப்பணி

அண்ணா, அம்மாவுக்கு நடந்தது நடக்கவே கூடாதது. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. நானும் கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டில்தான் வேலை செய்கிறேன், ஊர் மட்டக்களப்பு. அந்த இரவு அந்த வார்டில் எத்தனை நேர்ஸ் நின்றார்கள் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

எங்கள் நைட் டியூட்டி மாலை ஏழு மணியிலிருந்து காலை ஏழு வரை. பல இரவுகளில் இரண்டு பேர்தான். கெசுவல்டி நாள் என்றால், அன்று வருகிற புது நோயாளிகள் எல்லாம் எங்கள் வார்டுக்குத்தான். கட்டில் முடிந்தால் பாய், பாய் முடிந்தால் கதிரை. பத்து மணி மருந்து நேரத்தை மட்டும் பாருங்கள். அன்டிபயோட்டிக் ஒரு குப்பியை உடைத்து, தண்ணீர் கலந்து, சிரிஞ்சில் எடுத்து, கையில் குத்தியிருக்கும் கனுலா குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்து, மூன்று நான்கு நிமிடமாவது எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் நரம்பு வீங்கும். ஒருவருக்கு முடிக்க எவ்வளவு நேரம் போகும், அப்படி எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நடுவில் ஒருவருக்கு மூச்சு நின்றால் இரண்டு பேருமே அந்தக் கட்டிலுக்கு ஓடுவோம். அந்த நேரம் மற்றப் பக்கம் யார் கூப்பிட்டாலும் போக ஆள் இல்லை.

பெட்பான் வைக்கிறது பெரும்பாலும் சிற்றூழியர் வேலை. அவர்களும் ஒருவர்தான் நிற்பார், அவரையும் ஸ்கேனுக்கு ஆள் தள்ள அனுப்பியிருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை

தங்கச்சி, எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. 2025 பட்ஜெட்டில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள். கூடவே ஓவர்டைமும் லீவு நாள் கொடுப்பனவும் கணக்கிடும் முறையை மாற்றினார்கள். உடனே மார்ச் மாதம் சுகாதாரச் சங்கங்கள் வீதிக்கு வந்தன. வேலை தாங்க முடியவில்லை என்கிறவர்கள் ஏன் ஓவர்டைமுக்குப் போராட வேண்டும்?

2024 ஜனவரி, பெப்ரவரி வேலைநிறுத்தத்தையும் நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் இராணுவத்தைக் கொண்டுவந்து வேலை செய்வித்தார்கள். அந்த நாட்களில் ஓபிடி வாசலில் நின்றது யார்? காசு உள்ளவன் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். தோட்டத்திலிருந்து இராத்திரி பஸ் ஏறி வந்தவன்தான் திரும்பிப் போனான்.

இரவுப்பணி

கேள்வி நியாயமானது, ஐயா. பதில் நீளம்.

ஓவர்டைம் எங்களுக்கு மேலதிகச் சம்பாத்தியம் என்று நினைக்கிறீர்கள். வார்ட் நடப்பதே அதில்தான். ஆள் வெற்றிடத்தை நிரப்பாமல், இருக்கிறவர்களை இன்னொரு ஷிஃப்ட் நிற்க வைத்து ரோஸ்டரை ஓட்டுகிறார்கள். எனக்கு அடுத்து வர வேண்டியவர் வராவிட்டால், வார்டைப் பாரம் கொடுக்க ஆள் வரும்வரை நான் வெளியே போக முடியாது. கால் வலிக்கிறது என்று சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகிற வேலை இல்லை இது. அப்படி நின்ற மணித்தியாலங்களுக்கு விலையையும் குறைத்தால் கோபம் வராதா? வீட்டு வாடகை, தம்பியின் படிப்பு எல்லாம் அந்தக் காசில்தான் ஓடுகிறது. ஆளையும் எடுங்கள், ஒரு ஷிஃப்ட் வேலையில் வாழக்கூடிய சம்பளத்தையும் கொடுங்கள். ஓவர்டைமை நானே வேண்டாம் என்கிறேன்.

2024 வேலைநிறுத்தம் ஏன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டொக்டர்மாருக்கு இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து என்று கொடுக்கும் டிஏடி கொடுப்பனவை 35,000இலிருந்து 70,000 ஆக உயர்த்தினார்கள். அவர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அதே வார்டில், அதே இரவில் நிற்கிற மற்ற எல்லோரையும் விட்டுவிட்டார்கள் என்பதுதான் பிரச்சினை.

கணக்குப்பிள்ளை

காரணம் நியாயமாக இருக்கலாம், ஆயுதம் நியாயமில்லை. நோயாளியை நடுவில் வைத்து அரசாங்கத்தோடு பேரம் பேசக்கூடாது.

படிக்கும் தாதி

நான் நேர்சிங் டிகிரி செய்கிறேன், கிளினிக்கல் பயிற்சிக்கு வார்டில் நிற்கிறேன். வெள்ளவத்தை அண்ணாவின் கேள்விக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட்டுக்கு விளக்கம் இருக்கிறது. அதை ஒரு நோயாக அவர்கள் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் தீராமல் தொடரும் அழுத்தத்தால் வருவது என்று மூன்று அடையாளம் கொடுக்கிறார்கள். சக்தி எல்லாம் வற்றிப்போவது ஒன்று. வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்பு வருவது இரண்டாவது. நான் செய்கிற வேலையில் பிரயோசனம் இல்லை என்ற எண்ணம் மூன்றாவது. அம்மாவிடம் கையை உதறியது அந்த இரண்டாவதாக இருக்கலாம். களைப்பு வேறு, ஏச்சு வேறு என்று பிரிக்க முடியாமல் போவது அங்கேதான். முதல் வருடத்தில் நோயாளியின் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அக்காமார், சில வருடத்தில் கட்டில் நம்பர் சொல்லிக் கூப்பிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கெட்டவர்களாகி அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொருவருக்கும் மனதைக் கொடுத்தால் அவர்களால் அடுத்த நாள் வர முடியாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநில ஆஸ்பத்திரிகளில் லிண்டா ஐக்கன் குழு செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வை எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். ஒரு நேர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, சத்திரசிகிச்சை செய்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. அந்த நேர்ஸ் ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 வீதம் கூடுகிறது. கலிபோர்னியாவில் 2004இலிருந்து ஒரு நேர்ஸுக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டமே நடைமுறையில் இருக்கிறது. ஆள் குறைந்தால் நேர்ஸுக்கும் சேதம், நோயாளிக்கும் சேதம்.

வெள்ளவத்தையான்

தம்பியோ தங்கச்சியோ தெரியாது, நன்றாக விளக்கினீர்கள். ஆனால் கலிபோர்னியாவில் காசு இருக்கிறது. 2022இல் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்த நாடு இது. மருந்துக்கே தட்டுப்பாடு வந்து, வெளியில் ஃபார்மசியில் வாங்கி வரச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். இங்கே ஆள் எடுத்து முடியும்வரை அம்மா ஏச்சு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? காரணம் தெரிந்ததால் அன்றிரவு நடந்தது நடக்காததாகிவிடாது. அம்மாவுக்கு ரோஸ்டர் தெரியாது, வெற்றிடம் தெரியாது. அரசாங்கம் என்று அவர் கண்டது அந்த ஒரு நேர்ஸைத்தான்.

ஹட்டன் பிள்ளை

நான் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். தனியாரில் எல்லோரும் அன்பாகக் கதைக்கிறார்கள், அரசாங்கத்தில்தான் ஏசுகிறார்கள் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். நாங்கள் சிரிப்பது களைப்பில்லாமல் இல்லை. பன்னிரண்டு மணித்தியால ஷிஃப்ட். ஏசி குளிர்கிறது, தலையணை சரியில்லை, சாப்பாடு ஆறிவிட்டது என்று பெல் அடித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு முறைப்பாடு போனால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்து போர்டிங் அறையில் யாரோடும் கதைக்காமல் படுத்துவிடுவேன். அம்மா போன் எடுத்தால் கூட எரிச்சல் வருகிறது.

இரவுப்பணி அக்காவுக்கும் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்களுக்குப் பென்ஷன் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. 2022இல் அரச ஊழியர் சம்பளமில்லாத லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. உங்கள் ஆட்கள் போனார்கள், திரும்பி வந்தால் வேலை இருக்கிறது. நான் போனால் இங்குள்ள வேலை போய்விடும். நேர்ஸ் என்று பேப்பரில் எழுதும்போது எங்களை யாரும் எழுதுவதில்லை.

இரவுப்பணி

கோபம் இல்லை தங்கச்சி, நீங்கள் சொல்வது உண்மை. அந்த லீவில் போனவர்களின் ஷிஃப்ட்டைத்தான் நாங்கள் இப்போது நிற்கிறோம், அவ்வளவுதான்.

வெள்ளவத்தை அண்ணா, அம்மாவுக்குச் சிங்களம் விளங்காது என்றீர்கள். அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. ஆனால் இராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கொழும்பு வார்டில் அந்தச் சட்டம் என்னைப் போல ஒருத்தியின் வாயில்தான் நடக்கிறது. என் வார்டில் நைட்டுக்குத் தமிழ் தெரிந்தவள் நான் மட்டும் என்ற நாட்கள் இருக்கின்றன. பக்கத்து வார்டிலிருந்து போன் வரும். மிஸ், ஒரு தமிழ் பேஷன்ட், கொஞ்சம் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். நான் போனால் என் பக்கத்தில் ஒருத்திதான் மிச்சம். போகாவிட்டால் அந்த மனிசன் எதற்கென்று தெரியாமல் ஒப்பரேஷன் ஃபோமில் கையெழுத்து வைப்பார்.

ஒருமுறை பண்டாரவளைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தகப்பனுக்கு, மகனின் காலை எடுக்க வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. டொக்டர் சிங்களத்தில் இரண்டு வசனம் சொன்னார், நல்ல மனிசன், ஆனால் அவருக்கும் நேரம் இல்லை. அந்தத் தகப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க நம்ம ஆளு, வேற வழி இருந்தா சொல்லுங்கம்மா என்று கேட்டார். நான் அந்த வார்ட் நேர்ஸ் கூட இல்லை. அவர் கையை விடுவித்துக்கொண்டு என் வார்டுக்கு ஓடி வந்து இன்சுலின் போட வேண்டியிருந்தது. அந்த வேலை எந்த ரோஸ்டரிலும் இல்லை, எந்த ஓவர்டைமிலும் இல்லை. நான் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு பெரிய ஆஸ்பத்திரியிலும் இருபத்துநான்கு மணித்தியாலமும் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கையா? அன்றிரவு தமிழ் தெரிந்த ஒருத்தி நின்றிருந்தால் அம்மா இவ்வளவு உடைந்திருக்க மாட்டார்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

பிள்ளைகள் எல்லோருடையதையும் வாசித்தேன். 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டு வெடித்த அன்று நான் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் கடமையில் இருந்தேன். காயப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். தமிழ் நேர்ஸாக அன்று அந்த வார்டில் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை, யாரும் நோயாளியை ஏசவில்லை. களைப்பு இருந்தாலும் வாயைக் கட்டுப்படுத்தலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அந்தப் பயிற்சி குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

படிக்கும் தாதி

மன்னிக்க வேண்டும் சிஸ்டர். குண்டு வெடித்த நாளில் முழு ஆஸ்பத்திரியும் உங்களோடு நின்றது, லீவில் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள், நாடே நன்றி சொன்னது. இப்போது சாதாரண செவ்வாய்க்கிழமையே தாங்க முடியாமல் இருக்கிறது, அடுத்த செவ்வாயும் அப்படித்தான் என்று தெரிகிறது. உதவிக்கு யாரும் ஓடி வருவதும் இல்லை. பயிற்சியால் எத்தனை மாதத்துக்கு வாயைக் கட்டுவது?

ஓய்வுபெற்ற சிஸ்டர்

அதில் நியாயம் இருக்கிறது பிள்ளை, ஆனாலும் ஏச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்று கேட்கிறேன். வார்ட் சிஸ்டர்மார் இப்போது என்ன செய்கிறார்கள்? எங்கள் காலத்தில் ஆள் குறைவு என்றால் ரிப்போர்ட் கொப்பியில் சிவப்பு மையில் எழுதுவோம். இத்தனை நோயாளி, இத்தனை நேர்ஸ், இன்ன மருந்து இத்தனை மணிக்குப் பிந்தியது. மேட்ரன் கையெழுத்து வைத்தே ஆக வேண்டும். பிறகு ஏதாவது நடந்து விசாரணை வந்தால் அந்தக் கொப்பி கதைக்கும். இப்போது எல்லாம் சரியாக நடந்தது என்று எழுதிவிட்டு, ஒரு பிழை வந்தால் கடைசியில் நின்ற சின்னப் பிள்ளையின் தலையில் கட்டுகிறார்கள்.

இரவுப்பணி

சிஸ்டர், அப்படி எழுதினால் எங்களுக்கு ஏச்சு விழுகிறது. நிர்வாகத்துக்குக் கெட்ட பெயராம்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

ஏச்சு விழட்டும், எழுது. தனியே எழுதாதே, அந்த ஷிஃப்டில் நின்ற எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

வெள்ளவத்தையான்

நான் முறைப்பாடு கொடுக்கத்தான் போகிறேன். அதில் மாற்றம் இல்லை. இங்கே கதைத்தது எனக்குப் போதுமான பதில் இல்லை.

இரவுப்பணி

கொடுங்கள் அண்ணா, கட்டாயம் கொடுங்கள். பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை சுகாதார அமைச்சுக்கும் போடுங்கள். திகதி, நேரம், வார்ட் நம்பர் எழுதுங்கள். அந்த நேர்ஸ் நடந்த விதத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். அதோடு, அன்றிரவு எத்தனை நோயாளிகள், எத்தனை நேர்ஸ், எத்தனை சிற்றூழியர் இருந்தார்கள், தமிழ் தெரிந்தவர் யாராவது நின்றாரா என்று பதில் எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்டால் வாய் மூடு என்பார்கள். நோயாளியின் மகன் கேட்டால் ஒரு பதிலாவது எழுத வேண்டி வரும்.

கணக்குப்பிள்ளை

கேட்டுப் பாருங்கள் தம்பி, ஆனால் அது லாச்சிக்குள் போய்ப் படுத்துவிடும் என்பது என் அனுபவம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது, அதன் கீழ் விண்ணப்பம் போட்டால் குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த விண்ணப்பம் எழுத நான் உதவுகிறேன். வேலைநிறுத்தம் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, அதை வேறு நாளில் கதைப்போம்.

வெள்ளவத்தையான்

சரி ஐயா, நாளைக்குத் தனிச்செய்தி போடுகிறேன். அம்மாவைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இப்போது வீட்டில்தான். கிளினிக் கொப்பியில் புண்ணுக்கு மருந்து கட்டுவது பற்றி எழுதியிருக்கிறது, எழுத்து விளங்கவில்லை. தங்கச்சி இரவுப்பணி, படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

இரவுப்பணி

அனுப்புங்கள் அண்ணா. இன்றைக்கு நைட், ஏழு மணிக்கு முன் அனுப்பினால் பார்த்துவிடுவேன். அதற்குள் புண்ணைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ எனக்குக் காத்திருக்காமல் அம்மாவை உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.