உதவி: பூ பளிச்சென்று இருக்கிறது, பின்னால் மலை மட்டும் மங்கல்

காலைநடை | ஞாயிறு, காலை 10.42

அவசரம், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். விடியற்காலையில் தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டப் பக்கம் நடக்கப் போயிருந்தேன். முன்னால் பூ, பின்னால் மலை. பூ பளிச்சென்று வந்திருக்கிறது, மலை மட்டும் மங்கல். டிரைபாட்டில் வைத்துத்தான் எடுத்தேன். லென்ஸ் போய்விட்டதா? பூ இன்னும் ஒரு வாரம்தான் நிற்குமாம், அடுத்த ஞாயிறு மறுபடி போகலாம் என்று இருக்கிறேன். படம் இணைத்திருக்கிறேன்.

குவியம் | காலை 10.55

என்ன கேமரா, என்ன லென்ஸ், எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தீர்கள், அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண்) என்ன, ஃபோகஸ் எங்கே வைத்தீர்கள்? இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லையே. இணைத்த படம் வாட்ஸ்அப் வழியாக வந்தது போலிருக்கிறது. கேமரா கோப்பிலேயே பதிந்து வைக்கிற எக்ஸிஃப் தகவல் எல்லாம் போய்விட்டது, அகலம் 1600 பிக்சல்தான் இருக்கிறது. இதை வைத்து லென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கேமராவிலிருந்து நேராக எடுத்த கோப்பைப் போடுங்கள்.

திருமங்கலத்தான் | காலை 11.03

யூவி ஃபில்டர் மாட்டியிருக்கிறீர்களா? இருந்தால் முதலில் அதைக் கழற்றி வையுங்கள். கேமரா வாங்கும்போது கடைக்காரர் சும்மா தருகிற ஃபில்டர் ஜன்னல் கண்ணாடிக்குச் சமம். நானும் இரண்டு வருடம் லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் குற்றவாளி முன்னால் இருந்த கண்ணாடி.

மஞ்சள்சிட்டு | காலை 11.20

சீசன் நேரம், மலையில் சாரல் விழுந்துகொண்டேதான் இருக்கும். அங்கிருந்து மலை பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. நடுவில் அவ்வளவு ஈரக்காற்று இருந்தால் மங்கலாகத்தானே தெரியும்? எடிட் செய்யும்போது மூட்டம் குறைக்கிற டீஹேஸ் ஸ்லைடரைக் கொஞ்சம் தள்ளுங்கள், மலை வெளியே வரும். ரொம்பத் தள்ளினால் வானம் அழுக்காகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_ரோல் | காலை 11.48

மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. நண்பரே, யாரோ யூடியூபில் சொன்னதைக் கேட்டு எஃப் 22 வைத்திருப்பீர்கள். ‘சின்னத் துளை, எல்லாம் ஷார்ப்’ என்று. அந்தத் துளையில் ஒளி சிதறும். டிஃப்ராக்‌ஷன். பள்ளிக்கூடத்தில் விளிம்பு விளைவு என்று படித்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். எஃப் 22 இல் ஒரு புள்ளி வெளிச்சம் சென்சாரில் ஏறக்குறைய 30 மைக்ரான் வட்டமாக விழும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் பிக்சல் 4 மைக்ரான் இருக்கும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரோலுக்கு 36 படம் என்று எண்ணி எடுத்த காலத்தில் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் வெளியே கிளம்புவோம்.

குவியம் | பகல் 12.05

ரோல் அண்ணே, அவர் எஃப் 22 என்று எங்கே சொன்னார்? விளிம்பு விளைவு என்றால் படம் முழுக்கச் சமமாகத்தான் மழுங்கும். பூவை விட்டுவிட்டு மலையை மட்டும் தேடிப்போய்ப் பிடிக்காது.

காலைநடை | பகல் 1.30

எல்லோருக்கும் நன்றி. கேமரா அண்ணனுடையது, 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 லென்ஸ். 35 இல் வைத்து எடுத்தேன். எஃப் 11 என்று நினைவு. ஃபில்டர் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு ஒரிஜினல் போடுகிறேன்.

சாரல்வாசி | பகல் 1.44

ஆடிக்காற்றில் டிரைபாட் வைத்து எடுத்தீர்களா? செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று சும்மா விடுமா? அந்தப் பக்கம் காற்றாலையாக நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தான். நடுத்தண்டை உயர்த்தியிருந்தால் டிரைபாட் கொடிக்கம்பம் மாதிரி ஆடும். தண்டை இறக்கிவிட்டு, கால்களை அகட்டி, கேமராப் பையைக் கொக்கியில் தொங்கவிடுங்கள். அந்தரத்தில் தொங்கினால் பை ஊஞ்சலாடி இன்னும் கெடுக்கும், பையின் அடி தரையைத் தொட வேண்டும்.

மஞ்சள்சிட்டு | பகல் 1.51

காற்று என்றால் பூதானே முதலில் ஆடும்? மலை ஆடாதே.

சாரல்வாசி | பகல் 1.53

கேமரா ஆடினால் எல்லாம் ஆடும் அக்கா.

மஞ்சள்சிட்டு | பகல் 1.54

அப்படியென்றால் பூவும் மங்கலாகத்தானே இருக்க வேண்டும்? அவர் பூ பளிச்சென்று இருக்கிறது என்கிறார்.

சாரல்வாசி | பகல் 2.10

சரிதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தண்டை இறக்குங்கள்.

பழைய_ரோல் | பகல் 2.25

எஃப் 11 கூட 15 மைக்ரான்தான். நான் சொன்னது சொன்னதுதான். அப்புறம் காலையில் போனதே தப்பு. சூரியகாந்தி சூரியனோடு திரும்பும் பூ. மாலையில் போனால் எல்லாப் பூவும் மலையைப் பார்த்து நிற்கும், பின்னால் அந்தி வானம் சிவக்கும். அதுதான் படம்.

வரப்போரம் | பகல் 3.02

நான் அந்தப் பக்கத்துக்காரன். எங்கள் மாமா இந்த வருடம் இரண்டு ஏக்கர் சூரியகாந்தி போட்டிருக்கிறார். ஐயா சொல்வது தப்பு. மொட்டாக, இளசாக இருக்கும்போதுதான் செடி சூரியனோடு திரும்பும். விரிந்து தண்டு முற்றிவிட்டால் கிழக்கே பார்த்து நின்றுவிடும், அப்புறம் அசையாது. மலை இருப்பது மேற்கே. ஆகவே காலையில் மலையைப் பார்த்து நின்றால் வெயில் உங்கள் முதுகில் அடிக்கும், அத்தனை பூவும் உங்களைப் பார்த்து நிற்கும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் வெயில் மலைப்பக்கமிருந்து வந்து பூ முகமெல்லாம் இருட்டுக் கட்டிவிடும். இவர் காலையில் போனதுதான் சரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்க வருகிறவர்கள் வரப்பிலேயே நில்லுங்கள். போன ஞாயிறு ஒரு கூட்டம் உள்ளே இறங்கி ஒரு வரிசைச் செடியையே சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. உங்களுக்குப் பூ, எங்களுக்கு எண்ணெய் வித்து.

திருமங்கலத்தான் | மாலை 3.20

போன வருடம் வரப்பில் நின்றதற்கே என்னிடம் ஐம்பது ரூபாய் கேட்டார்கள் தம்பி. ரோட்டோரம் நின்று பார்க்கவும் டிக்கெட்டா?

வரப்போரம் | மாலை 3.31

வரப்பும் அவர் நிலம்தானே அண்ணாச்சி. ரோட்டில் நின்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

திருமங்கலத்தான் | மாலை 3.40

இப்படியே போனால் மலையைப் பார்க்கவும் காசு கேட்பார்கள். நம் ஊரில் எல்லாம் வசூல்.

மஞ்சள்சிட்டு | மாலை 3.58

ஐம்பது ரூபாய்க்கு மேல் குற்றாலத்தில் புரோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒருவர் மூன்று மாதம் தண்ணீர் பாய்ச்சி வளர்த்ததைப் பின்னணியாக வைத்துக்கொண்டு ஐம்பது ரூபாய்க்கு அழுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் போகும்போது முதலில் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். பாதி நேரம் காசே வாங்க மாட்டார்கள், எந்தப் பாத்தியில் பூ நன்றாக நிற்கிறது என்று கையைக் காட்டுவார்கள். தேனீப் பெட்டி எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுவார்கள். அது ஒன்றே ஐம்பது ரூபாய் பெறும்.

பழைய_ரோல் | மாலை 4.15

காசு கொடுத்துப் பழக்கியதே உங்களைப் போன்றவர்கள்தான்.

குவியம் | மாலை 4.17

தோட்டப் பஞ்சாயத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும். காலைநடை, ஒரிஜினல் எங்கே?

காலைநடை | இரவு 8.50

மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். இரண்டு கோப்பு இணைத்திருக்கிறேன். 35 மில்லிமீட்டர், எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/60. நான் வரப்பிலிருந்துதான் எடுத்தேன், உள்ளே இறங்கவில்லை.

குவியம் | இரவு 9.14

இப்போது பேசலாம். 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள்சிட்டு அக்கா, ஈரக்காற்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வலது ஓரத்தில் ஒரு பனைமரம் நிற்கிறது பாருங்கள், அதிகம் போனால் நூறு அடி தள்ளி இருக்கும். அதன் ஓலையும் குழைந்துதான் கிடக்கிறது. நூறு அடிக்குள் என்ன மூட்டம் வந்துவிடும்? பூ ஷார்ப், அதற்குப் பின்னால் போகப் போகக் குழைகிறது என்றால் ஃபோகஸ் கிட்டத்தில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். 35 இல் எஃப் 11 வைத்தால் ஐந்தரை, ஆறு மீட்டரில் ஃபோகஸ் வைக்க வேண்டும். அப்போதுதான் மூன்று மீட்டரிலிருந்து மலைவரை ஒப்பேறும். நீங்கள் பூவிலேயே வைத்துவிட்டீர்கள்.

காலைநடை | இரவு 9.22

இல்லை அண்ணா. இந்த ஆறு மீட்டர்க் கணக்கு எனக்கும் தெரியும், அதனால்தான் மேனுவல் ஃபோகஸில் போட்டு, வரப்பு முனையில் நட்டிருக்கும் கல்லில் வைத்தேன். கல் ஆறு மீட்டர் இருக்கும். கேமராவின் பின்திரையில், லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்துத்தான் வைத்தேன். அப்புறம் கேமராவைத் தொடவே இல்லை.

திருமங்கலத்தான் | இரவு 9.25

ஃபில்டர்.

பழைய_ரோல் | இரவு 9.40

மேனுவலில் வைக்கத் தெரியாதவர்கள் மேனுவலில் வைத்தால் இப்படித்தான். கல்லில் வைத்தாராம். கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஆந்தைக்கண் | இரவு 11.36

இப்போதுதான் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி: எல்லாப் படமும் மங்கலா, சிலது மட்டுமா? நீங்கள் இணைத்த இரண்டு படமும் 7.20 க்கு மேல் எடுத்தவை. அதற்கு முன்னால் எடுத்தது ஏதாவது இருக்கிறதா?

காலைநடை | திங்கள், காலை 6.15

இருக்கிறது. 6.58 க்கு முதலில் எடுத்த இரண்டு நன்றாகவே வந்திருக்கின்றன, மலை மடிப்புகூடத் தெரிகிறது. ஆனால் அப்போது வெயில் வரவில்லை, பூவெல்லாம் சப்பென்று இருந்தது. மேகம் விலகட்டும் என்று இருபது நிமிடம் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வெயில் வந்ததும் மடமடவென்று ஒன்பது படம். அந்த ஒன்பதும்தான் மங்கல். இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

ஆந்தைக்கண் | காலை 6.40

நேற்றே சொல்லியிருந்தால் எல்லோரும் நேரத்தோடு தூங்கியிருப்போம். லென்ஸ் மேல் ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டில் ஏ, எம் என்று தள்ளுகிற பொத்தான் இருக்கிறதா? மேனுவலுக்கு மாற்றியது லென்ஸிலா, மெனுவிலா?

காலைநடை | காலை 6.52

ஏஎஃப்-பி என்றுதான் இருக்கிறது. பொத்தான் எதுவும் இல்லை, மெனுவில் மாற்றினேன்.

ஆந்தைக்கண் | காலை 7.20

அப்படியென்றால் லென்ஸ் நலம், நீங்களும் நலம். விஷயம் இதுதான்.

பழைய லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால் உள்ளே கண்ணாடி நேராக நகரும், விட்ட இடத்தில் நிற்கும். இந்த ஏஎஃப்-பி வகை லென்ஸில் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. வளையம் சொல்வதைக் கேட்டு ஒரு குட்டி மோட்டார்தான் நகர்த்துகிறது. நீங்கள் வெயிலுக்காகக் காத்திருந்த நேரத்தில் பேட்டரியை மிச்சம் பிடிக்கக் கேமரா தானாகத் தூங்கிவிட்டது. அது தூங்கி எழுந்தாலோ, அணைத்துப் போட்டாலோ கண்ணாடி பழைய இடத்துக்கே திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. அப்படி நடந்தால் மறுபடி ஃபோகஸ் வைக்கச் சொல்லிக் கேமராக் கையேட்டிலேயே ஒரு வரி இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, நானும் ஒரு பௌர்ணமியைக் கோட்டைவிட்ட பிறகுதான் படித்தேன்.

ஆறு மீட்டரில் இருந்தது இரண்டு மீட்டருக்கு நகர்ந்தாலே போதும், 35 இல் எஃப் 11 வைத்தாலும் மலை பதினைந்து பிக்சல் அளவுக்குக் குழைந்துவிடும். பூ கிட்டத்தில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் பார்த்தது அதுதான்.

செட்டப் மெனுவில் ஆட்டோ ஆஃப் டைமர் இருக்கும், அதை நீளமாக்குங்கள். பேட்டரி சீக்கிரம் இறங்கும், இன்னொன்று கையில் இருக்கட்டும். இல்லையென்றால் காத்திருக்கும்போது அவ்வப்போது ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி விழிக்க வைத்துக்கொண்டே இருங்கள். எதுவாக இருந்தாலும் வெயில் வந்த நிமிடம் கல்லைப் பெரிதாக்கி ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள். பத்து விநாடி வேலை.

குவியம் | காலை 7.31

இது எனக்குத் தெரியாது. குறித்துக்கொண்டேன்.

திருமங்கலத்தான் | காலை 8.05

ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள், எதற்கும் இருக்கட்டும்.

பழைய_ரோல் | காலை 9.10

கேமரா தூங்குகிறதாம், எழுந்திருக்கிறதாம். இதனால்தான் நான் இன்னும் வளையம் திரும்புகிற லென்ஸை விடவில்லை.

வரப்போரம் | காலை 9.26

காலைநடை அண்ணா, ஞாயிறு வருவதாக இருந்தால் ஒரு தனிச்செய்தி போடுங்கள். மாமா தோட்டத்தில் கிழக்கு வரப்பு உயரமானது, அங்கே நின்றால் மின்கம்பி படத்தில் விழாது. காசு வேண்டாம்.

காலைநடை | அடுத்த ஞாயிறு, காலை 11.05

மலை வந்துவிட்டது. டைமரை நீட்டினேன், ஃபில்டரையும் கழற்றினேன், டிரைபாட் தண்டையும் இறக்கினேன். பதினொன்றில் பத்து நன்றாக வந்திருக்கின்றன. ஒன்றில் மாமாவின் ஆடு குறுக்கே வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி, படம் பிறகு போடுகிறேன்.

திருமங்கலத்தான் | காலை 11.09

ஃபில்டர் என்று நான் முதல் நாளே சொன்னேன்.

சாரல்வாசி | காலை 11.12

தண்டு.

குவியம் | பகல் 12.30

படம் எங்கே?

தேனிக்காற்று | புதன், இரவு 10.18

எனக்கும் இதே பிரச்சினைதான். மேகமலையில் எடுத்தது, தூரத்தில் எல்லாம் மங்கல். ஆனால் மொபைல். என்ன செய்யலாம்?

குவியம் | புதன், இரவு 10.25

புது இழை திறங்கள். எந்த மொபைல் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.